கசப்பது மாத்திரை அல்ல!

"அந்த மாத்திரையைத் தின்றால் குடல் வெந்து போகுமாம். ஈரல் கரைந்து போகுமாம். ஊசி குத்தியதிலே வராத நோய் மாத்திரையிலே வந்து சேருமாம்!"

இப்படியொரு பேச்சு நடமாடுகிறது. எங்கே நடமாடுகிறது? மாளிகைகளிலே அல்ல. ஆஸ்பத்திரியைக் கூட்டிப் பெருக்குகிறவர்களிடையே, குப்பை அள்ளுகிறவர்களிடையே, சாக்கடை வாருகிறவர்களிடையே நடமாடுகிறது. யாருடைய கையிலே ஊசி ஏறக்கூடுமோ, அவர்கள் காதிலேதான் இந்தப் பேச்சும் ஏறுகிறது.

அமராவதிபுதூரிலிருந்து தோழர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றிலே காண்ட்ராக்டரின் கீழ் துப்புரவு வேலை பார்க்கிறார். குப்பைப் பையைத் தூக்கும்போது, அதில் இருக்கக் கூடாத ஊசி உள்ளே கிடந்து உள்ளங்கையில் ஏறிவிட்டது. எந்த நோயாளிக்குப் போட்ட ஊசி என்று யாருக்கும் தெரியாது. அங்கிருந்த நர்ஸம்மா ஒருவர் நல்ல மனது படைத்தவர். "நிற்காதே அண்ணே, இப்போதே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போ" என்று அனுப்பி வைத்தார். டாக்டர் பார்த்தார், இரத்தம் எடுத்தார், 28 நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான்காம் நாள் குமட்டல், தலைவலி, தூக்கமில்லை. இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. கூலி போயிற்று. மூன்றாம் நாள் மேஸ்திரி சொன்னாராம், "உடம்பு சரியில்லை என்றால் வீட்டிலேயே இரு, வேறு ஆள் பார்த்துக் கொள்கிறேன்" என்று. "மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்று நம்மைக் கேட்கிறார் தோழர்.

அவருக்கு அன்றைக்கே பதில் சொல்லி அனுப்பிவிட்டோம்: "நிறுத்தாதீர்கள். கொடுத்த டாக்டரிடமே போய்ச் சொல்லுங்கள்." அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை, எழுதவும் கூடாது. ஆனால் அந்தக் கேள்வி அவர் ஒருவருடைய கேள்வி அல்ல. ஆகவே எல்லோரும் அறியும்படி இங்கே பேசுகிறோம்.

எச்.ஐ.வி. என்கிற கிருமி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் சென்னையிலேதான். 1986-இல், சென்னை மருத்துவக் கல்லூரியிலே, டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் பயின்ற டாக்டர் நிர்மலாவும் கண்டறிந்தார்கள். அன்றைக்கு அதற்கு மருந்து இல்லை; தடுக்கவும் மாத்திரை இல்லை. இன்று இருக்கிறது. ஆனால் அந்த மாத்திரைக்கும் தொழிலாளியின் கைக்கும் நடுவே மூன்று மதில்கள் நின்றன. முதல் மதில் விலை. இரண்டாம் மதில் பழைய மருந்துகளின் கொடுமை. மூன்றாம் மதில் எது என்பதைப் பின்னால் சொல்கிறோம். முதல் இரண்டும் இடிந்து போயின. எப்படி இடிந்தன என்பதைத் தெரிந்து கொண்டால்தான் மூன்றாவதை இடிக்க முடியும்.

விலை என்னும் மதில்

எச்.ஐ.வி.க்கு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் மனிதன் பிழைக்கிறான் என்று 1996 வாக்கிலே தெரிந்தது. மேல்நாட்டுக் கம்பெனிகள் அதற்கு வைத்த விலை, ஆள் ஒன்றுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல்! பணம் படைத்தவன் பிழைத்தான், ஏழை மாண்டான். மருந்து இல்லாமல் சாவது விதி. மருந்து இருந்தும் சாவது அநீதி.

2001-இல் பம்பாயில் உள்ள சிப்லா கம்பெனி, அதே மூன்று மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. ஒரு நாளைக்கு ஒரு டாலரும் இல்லை! அப்போது இந்தியாவில் இருந்த காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குத் தனியுரிமை கொடுக்கவில்லை. செய்முறைக்கு மட்டுமே கொடுத்தது. ஆகவே வேறு வழியிலே அதே மருந்தைச் செய்ய முடிந்தது. சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பது எத்தனை உயிரைக் காப்பாற்றும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2004 ஏப்ரல் முதல் நாள் தொடங்கி அரசாங்கமே நோயாளிகளுக்கு இந்த மருந்துகளை இலவசமாகக் கொடுக்கிறது. முதலில் தொடங்கிய ஒரு சில ஆஸ்பத்திரிகளிலே நம் தாம்பரம் நெஞ்சுநோய் ஆஸ்பத்திரியும் ஒன்று. நோய் வந்தவருக்குக் கொடுக்கும் அதே மருந்துதான், நோய் வந்துவிடக் கூடாதே என்று ஊசி குத்தியவருக்கும் கொடுக்கப்படுகிறது. முதல் மதில் இடிந்தது.

கொடுமை என்னும் மதில்

"குடல் வெந்து போகுமாம்" என்ற பேச்சு ஒன்றுமில்லாமல் பிறந்ததல்ல, தோழர்களே! பழைய மருந்துகள் பொல்லாதவைதான். அதை மறைக்க வேண்டியதில்லை.

முதலில் கொடுக்கப்பட்ட மருந்து ஜிடோவுடின். 1964-இல் புற்றுநோய்க்காக உண்டாக்கப்பட்டு, பயன்படாமல் மூலையிலே கிடந்து, 1987-இல் எய்ட்ஸுக்கென்று வெளியே வந்த மருந்து அது. ஊசி குத்திய மருத்துவ ஊழியர்களை அமெரிக்கா, பிரான்ஸ், இத்தாலி, பிரிட்டன் ஆகிய நாடுகளிலே ஆராய்ந்தார்கள். அந்த மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கு நோய் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 81 பங்கு குறைந்தது என்று 1997-இல் வெளியிட்டார்கள். உயிர் காத்தது உண்மை. ஆனால் குமட்டலும் வாந்தியும் அசதியும் பலரைப் படுக்க வைத்ததும் உண்மை. இரத்தச் சோகையையும் உண்டாக்கியது. நெவிரபின் என்று இன்னொரு மருந்து. அதை ஊசி குத்தியவர்களுக்குத் தடுப்பாகக் கொடுத்தபோது சிலருக்கு ஈரல் கடுமையாகக் கெட்டது. 2001-இல் அமெரிக்க அரசாங்கமே அதை எடுத்துச் சொல்லி எச்சரித்தது. அதற்குப் பிறகு அதைப் பெரியவர்களுக்கு இந்தக் காரியத்துக்குக் கொடுப்பதில்லை. எஃபாவிரென்ஸ் என்று மற்றொன்று. தலைசுற்றலும் பயங்கரக் கனவும் கொடுத்தது. லாரி ஓட்டுகிறவன் அதைத் தின்றுவிட்டு எப்படி ஸ்டியரிங் பிடிப்பான்?

இன்று நம் நாட்டுச் சர்க்கார் விதிமுறைப்படி கொடுப்பது வேறு. டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50. மூன்றும் ஒரே மாத்திரையாக, நாளைக்கு ஒன்று, 28 நாளைக்கு. ஈரலைக் கெடுத்த மருந்தும் இதில் இல்லை. இரத்தத்தை வற்ற வைத்த மருந்தும் இதில் இல்லை.

இதனால் வருவது என்ன? சிலருக்குக் குமட்டல், தலைவலி, வயிற்றுப் போக்கு, அசதி, தூக்கக் குறைவு. பெரும்பாலும் முதல் வாரம், பத்து நாளிலே தணிந்து விடுகிறது. பலருக்கு ஒன்றுமே வருவதில்லை. குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக் கொள்ளலாம். தூக்கம் வராவிட்டால் இரவில் போடுவதைக் காலைக்கு மாற்றிக் கொள்ளலாம். எந்த வேளையானாலும் தினம் அதே வேளை, அதுதான் முக்கியம்.

சில செய்திகளை டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் சொல்ல வேண்டும். டெனோஃபோவிர் அதைத் தொடக்கூடும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டால் சொல்ல வேண்டும்; அதன் அளவைக் குறைக்க நேரலாம். காசநோய்க்கு மருந்து சாப்பிட்டாலும் வலிப்புக்குச் சாப்பிட்டாலும் சொல்ல வேண்டும். அவை இந்த மாத்திரையின் வலுவைக் குறைக்கும். மஞ்சள்காமாலை பி கிருமி உடம்பிலே இருந்தால், 28 நாள் முடிந்து மாத்திரையை விடும்போது அது கிளம்பலாம். அதற்காகத்தான் இரத்தம் எடுக்கிறார்கள். வயிறு எரிகிறதென்று அல்சர் மருந்தையும், சத்துக்கென்று இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளையும் சேர்த்துப் போட்டுக் கொள்ளக் கூடாது. அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் பின்போதான் இதைச் சாப்பிட வேண்டும்.

கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால் அல்லது குறைந்தால், காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடித்தால், முகம் வீங்கினால், மூச்சுத் திணறினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அப்போதும் டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுப்பார். நாமே நிறுத்துவது வேறு, டாக்டர் மாற்றுவது வேறு.

ஏன் 28 நாள்?

"நாலு நாள் சாப்பிட்டாயிற்று, போதாதா?" என்று கேட்கிறார்கள். விதையைப் பார்த்தவர்கள்தானே நாம்? நாற்றங்காலிலே விழுந்த களை விதை அன்றைக்கே வயல் முழுதும் பரவுவதில்லை. கிருமியும் அப்படித்தான். ஊசி குத்திய இடத்திலே இருந்து உள்ளே போய், நெறிகட்டும் இடங்களைச் சேர்ந்து, அங்கே பெருகி, பிறகு இரத்தத்திலே பரவ அதற்குச் சில நாள் பிடிக்கிறது. அந்த இடைவேளையிலேதான் மருந்து போய் வழியை மறிக்க வேண்டும். ஆகவே இரண்டு மணி நேரத்திலே தொடங்கினால் மிக நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. வழியை மறித்த பிறகும், ஒட்டிக் கொண்டிருப்பது செத்து ஒழியும் வரையில் காவல் வேண்டும்.

அமெரிக்காவிலே குரங்குகளை வைத்து ஆராய்ந்து 1998-இல் வெளியிட்டார்கள். கிருமி ஏற்றி 24 மணி நேரத்துக்குள் டெனோஃபோவிர் தொடங்கி, 28 நாள் கொடுத்த குரங்குகள் எல்லாம் தப்பின. மூன்று நாளோடும் பத்து நாளோடும் நிறுத்தியவற்றிலே எல்லாம் தப்பவில்லை. நான்காம் நாள் நிறுத்துகிறவன் எங்கே போய் நிற்கிறான் என்று பாருங்கள்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர் உடம்பில் ஏறிய ஊசி குத்தினாலும், மருந்தே சாப்பிடாவிட்டாலும், ஆயிரம் பேரிலே ஏறக்குறைய மூன்று பேருக்குத்தான் அது தொற்றுகிறது. பயந்து சாக வேண்டியதில்லை. ஆனால் அந்த மூன்றில் ஒருவன் நம் தோழனாக இருக்கக் கூடாது. அதற்காகத்தான் 28 நாள்.

குத்திய உடனே விரலை வாயில் வைத்துச் சூப்பக் கூடாது. பிதுக்கக் கூடாது. பிளீச்சிங், ஸ்பிரிட் எதையும் ஊற்றக் கூடாது. ஓடுகிற தண்ணீரிலே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். மருந்து முடிந்த பிறகும் ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று டாக்டர் சொல்கிற நாட்களில் இரத்தம் பார்க்க வேண்டும். அதுவரை இரத்த தானம் கூடாது. மனைவியிடம் சேரும்போது உறை வேண்டும். பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணுக்கும் இதே மாத்திரையும் இதே 72 மணி நேரமும் உண்டு. அதையும் நம் தாய்மாரிடம் சொல்லி வையுங்கள்.

மூன்றாம் மதில்

இவ்வளவும் தெரிந்த பிறகு கேட்கிறோம்: மாத்திரை இலவசம், வருகிற உபாதை பத்து நாள் உபாதை. அப்படியிருக்க, ஏன் தோழன் நான்காம் நாள் நிறுத்தப் பார்க்கிறான்?

குமட்டலுக்காகவா? இல்லை. வயல் வேலையிலும் சூளை வேலையிலும் இதைவிடக் கடுமையைத் தாங்கியவன் அவன். குமட்டுகிற நாளுக்குக் கூலி இல்லை, அதனால் நிறுத்துகிறான். அதிகாரி வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் குமட்டல் வந்தால் மெடிகல் லீவு. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு வந்தால் சீட்டுக் கிழிகிறது! மருந்தின் உபாதை இருவருக்கும் ஒன்றே. அதைத் தாங்குவதற்கு ஒருவனுக்குக் கட்டில் இருக்கிறது, மற்றவனுக்குக் காண்ட்ராக்டரின் கண்டிப்பு இருக்கிறது. கசப்பது மாத்திரை அல்ல, தோழர்களே! மாத்திரை தின்ற நாளுக்குக் கூலி வெட்டுகிறானே, அதுதான் கசப்பு.

கூலியோடு பழியும் சேர்கிறது. "எய்ட்ஸ் மாத்திரை தின்கிறான்" என்று பக்கத்தில் நிற்கிறவனே விலகுகிறான். பழி எப்படிக் கொல்லும் என்பதற்கு 2018 டிசம்பரில் சாத்தூரிலே நடந்ததை நினைத்துப் பாருங்கள். கர்ப்பிணிப் பெண் ஒருவருக்கு, சரிவரச் சோதிக்காத இரத்தம் ஏற்றப்பட்டது. அதிலே எச்.ஐ.வி. இருந்தது. இரத்தம் கொடுத்த இளைஞனுக்குத் தன் நோய் தெரியாது. தெரிந்த பிறகு தானே வந்து சொன்னவன் அவன். குற்றம் சோதனையிலே, பழியோ இளைஞன் தலையிலே. அந்த மாதம் முடிவதற்குள் அவன் நஞ்சுண்டு மாண்டான். அந்தத் தாய்க்கு 2019 ஜனவரியிலே குழந்தை பிறந்தது. பிறந்தவுடனே குழந்தைக்குத் தடுப்பு மருந்து கொடுத்தார்கள். சோதித்தபோது குழந்தைக்குத் தொற்று இல்லை. வேளையோடு கொடுத்த மருந்து குழந்தையின் பக்கம் நின்றது. இளைஞனின் பக்கம் நிற்கத்தான் ஊரிலே ஆளில்லாமல் போயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையிலே இருக்கிறது. அதன் 19-ஆவது பிரிவைத் தோழர்கள் மனப்பாடம் செய்ய வேண்டும். தொழிலிலே இந்தக் கிருமி தொற்றக்கூடிய ஆபத்துள்ள எந்த நிறுவனமும், அங்கே வேலை செய்யும் அனைவருக்கும் பாதுகாப்புச் சாதனமும், அதற்கான பயிற்சியும், ஊசி குத்தினால் இந்தத் தடுப்பு மருந்தும் கொடுத்தாக வேண்டும். மருந்து கிடைக்கும் என்பதை முன்கூட்டியே தெரிவித்தும் ஆக வேண்டும். "அனைவருக்கும்" என்பதுதான் சட்டத்தின் சொல். "அவன் காண்ட்ராக்டர் ஆள், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று கை கழுவ அதில் இடமில்லை.

அதே சட்டப்படி ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது. வேலை கொடுப்பதற்கு அந்த இரத்தச் சோதனையை நிபந்தனையாக்கக் கூடாது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலே, மீறலைப் பற்றிப் புகார் கேட்க அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். நமக்குக் கடிதம் எழுதிய தோழரின் பெயரை ஏன் எழுதவில்லை என்பது இப்போது விளங்கும்.

ஊசி குப்பைப் பைக்குள் வந்ததே, அதுவும் குற்றம்தான். 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்குள் போக வேண்டும். கழிவைத் தொடுகிற தொழிலாளிக்கு மஞ்சள்காமாலை பி தடுப்பூசியும் டெட்டனஸ் ஊசியும் போட வேண்டும். ஆண்டுக்கொரு முறை உடம்பைப் பரிசோதிக்க வேண்டும். எத்தனை இடத்தில் நடக்கிறது? வெள்ளை டப்பா இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் மட்டும் மேசைமேல் ஏறுகிறதா, தினமும் இருக்கிறதா? அங்கே வேலை செய்கிற தோழர்கள்தான் சாட்சி.

ஆஸ்பத்திரி வேலையிலே தொற்றும் நோய், 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தது. இன்று 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பட்டியல் இருக்கிறது. நோய் வந்தால் இழப்பீடு உண்டு. ஆனால் நோய் வராமல் தடுக்கிற 28 நாளுக்குக் கூலி எங்கே? ஓட்டையான சட்டத்தின் ஓட்டை அங்கேதான் இருக்கிறது. அந்த ஓட்டையிலேதான் தொழிலாளி விழுகிறான்.

நாம் கேட்பது

ஊசி குத்திய நாள் முதல் மருந்து முடியும் நாள் வரை, உபாதையால் வேலைக்கு வர முடியாத நாளுக்கு முழுக் கூலி. அந்த 28 நாளிலே எவனையும் வேலையை விட்டு நிறுத்தக் கூடாது என்ற கட்டளை. முதல் வேளை மாத்திரை, இரவானாலும் ஞாயிறானாலும், ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் கையெட்டும் இடத்திலே. காரைக்குடியிலே குத்தினவனைச் சிவகங்கைக்கு அனுப்பி, பஸ்ஸிலேயே இரண்டு மணி நேரத்தைத் தொலைக்கிற நிலை எந்த ஊருக்கும் வரக் கூடாது. அதிகப்படியான கோரிக்கையா இது? ஊசி போட்டவருக்கு டாக்டர் பீஸ் கிடைத்தது. போட்டுக் கொண்டவருக்குச் சுகம் கிடைத்தது. அந்த ஊசியை அள்ளியவனுக்குக் கிடைத்தது என்ன?

அரசாங்கம் செய்யட்டும் என்று நாமும் கை கட்டி நிற்க வேண்டாம். கிளைக் கழகங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் சொல்கிறோம்: உங்கள் ஊர் அரசாங்க ஆஸ்பத்திரியிலே நம்பிக்கை மையம் எந்த அறையில் இருக்கிறது என்று நாளைக்கே போய்ப் பார்த்து வாருங்கள். இரவில் மாத்திரை யாரிடம் இருக்கும் என்று கேட்டு வாருங்கள். 1097 என்ற இலவசத் தொலைபேசி எண்ணைப் படிப்பக வாசலிலே எழுதி வையுங்கள். மாத்திரை சாப்பிடுகிற தோழன் இருந்தால், அவன் சம்மதித்தால், அவனுக்குத் துணையாக ஒருவர் நில்லுங்கள். நாள் தவறாமல் நினைவுபடுத்துங்கள். அவன் வராத நாளிலே அவன் வேலையைப் பங்கிட்டுச் செய்து, மேஸ்திரி வேறு ஆளை நிறுத்தாதபடி இடத்தைக் காத்துக் கொடுங்கள். பேசுகிறவர் பேசட்டும், "எய்ட்ஸ் மாத்திரை" என்று எவனாவது இளித்தால், "நாளைக்கு உன் கையிலே குத்தினால் நீயும் இதைத்தான் தின்ன வேண்டும்" என்று சொல்லுங்கள்.

விலை என்னும் மதிலை மருந்து செய்தவர்கள் இடித்தார்கள். கொடுமை என்னும் மதிலை விஞ்ஞானிகள் இடித்தார்கள். மூன்றாம் மதிலை இடிக்க விஞ்ஞானி வர மாட்டான். அது கூலியாலும் பழியாலும் எழுப்பிய மதில். அதை இடிக்கும் கடப்பாரை தொழிலாளியின் ஒற்றுமை. எடுங்கள்!